40 ஆயிரம் பேர், ஒரே ஒரு கூகுள் ஷீட், ஒரு மங்கோலியச் சிறுவன்... ஆன்லைன் கோர்ஸ் பற்றி இதெல்லாம் தெரியுமா?

ஆன்லைனில் எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லிக்கொடுக்க வந்த ஆன்லைன் கோர்ஸே ஒரே வாரத்தில் படுத்துவிட்ட கதை தெரியுமா?

2013, ஜனவரி கடைசி. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் கோர்செரா தளத்தில் ஒரு கோர்ஸைத் தொடங்குகிறது. பொருள்: ஆன்லைன் கல்வியைத் திட்டமிடுவதும் நடத்துவதும். சேர்ந்தவர்கள் 40 ஆயிரத்துக்கும் மேல்! ஆரம்பத்திலேயே எல்லோரும் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிய வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு கூகுள் ஷீட்டைத் திறந்து, உங்கள் பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அதில் ஒரே நேரத்தில் 50 பேர்தான் எழுத முடியும்! அவ்வளவுதான். ஷீட் திணறியது. எழுதிய பெயர்கள் காணாமல் போயின, ஒருவர் போட்ட வரிசையை இன்னொருவர் அழித்தார். சில நாட்களிலேயே கோர்ஸை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்துவிட்டது.

சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். பாடத்தில் பிழை இருந்ததால் அந்தக் கோர்ஸ் நிற்கவில்லை. படிக்க வருகிறவர் உள்ளே நுழைந்ததும் என்ன செய்யப்போகிறார் என்ற ஒரு கேள்வியை ஒழுங்காக யோசிக்காததால் நின்றது. கேமரா, லைட், மைக், ஸ்லைடு என்று நாம் ஆயிரம் கவலைப்படுகிறோம். ஆனால் இந்தத் துறையின் 300 வருடக் கதையைப் புரட்டினால் திரும்பத் திரும்ப அந்த ஒரு கேள்விதான் எதிரே வந்து நிற்கிறது. என்ன, 300 வருடமா என்கிறீர்களா?

தபால்காரர் கொண்டுவந்த வகுப்பறை

1728-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி ‘பாஸ்டன் கெஜட்’ பத்திரிகையில் ஒரு விளம்பரம். கொடுத்தவர் காலேப் பிலிப்ஸ் என்ற சுருக்கெழுத்து ஆசிரியர். வெளியூர்க்காரர்கள் பாஸ்டனுக்கு வர வேண்டாம், வாராவாரம் பாடத்தை அனுப்பிவைக்கிறேன், இங்கே நேரில் படிப்பவர்களுக்குச் சமமாகத் தேறிவிடலாம் என்பது அதன் சாரம். இன்டர்நெட் இல்லை, மின்விளக்கு இல்லை, அமெரிக்கா என்ற நாடே இன்னும் பிறக்கவில்லை. ஆனால் ‘வீட்டிலிருந்தபடியே கற்கலாம்’ விளம்பரம் வந்துவிட்டது!

அதைவிடப் பெரிய ஆச்சரியம் 1840-இல் இங்கிலாந்தில். நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே பென்னியில் கடிதம் போடலாம் என்ற திட்டம் அந்த வருடம்தான் வந்தது. அதை உடனே பிடித்துக்கொண்டவர் ஐசக் பிட்மன். நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போர்டுகளில் ‘ஷார்ட்ஹேண்ட்’ என்று பார்த்திருப்பீர்களே, அங்கே சொல்லிக்கொடுக்கும் முறையை உருவாக்கிய அதே பிட்மன்! மாணவர்கள் பைபிள் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். பாடம் தபாலில் போனதைவிட, திருத்தம் தபாலில் திரும்பி வந்ததுதான் பெரிய விஷயம். இன்றைக்கும் பல ஆன்லைன் கோர்ஸ்கள் இந்த ஒரு இடத்தில் பிட்மனுக்குப் பின்னால்தான் நிற்கின்றன. வீடியோவை ஏற்றிவிட்டு, ‘சந்தேகம் இருந்தால் கமென்டில் கேளுங்கள்’ என்று எழுதிவிட்டால் கடமை முடிந்ததாம்!

1912-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு மாயப் புத்தகத்தைக் கற்பனை செய்தார். முதல் பக்கத்தில் சொன்னதைச் செய்து முடித்தவருக்கு மட்டும்தான் இரண்டாம் பக்கம் கண்ணுக்கே தெரியும்! கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில் யோசித்தது. ‘இந்த க்விஸை முடித்தால்தான் அடுத்த பாடம் திறக்கும்’ என்று இன்று பூட்டுப் போட்டு வைக்கிறார்களே, அச்சு அசல் அதேதான். அடுத்த வருடமே தாமஸ் எடிசன் ஒரு ஜோசியம் சொன்னார்: சினிமா வந்துவிட்டது, இனிப் பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்கு வேலையில்லை. எந்த ஜோசியம் பலித்தது என்பதை உங்கள் பிள்ளையின் புத்தகப் பையைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

1953-இல் ஹார்வர்டு உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். சரியா தப்பா என்று தெரிய வேண்டுமானால் ஆசிரியர் திருத்தித் தரும்வரை காத்திருக்க வேண்டும். வேகமாக முடித்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், மாட்டிக்கொண்டவர்கள் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்தவர் ஒரு பெட்டி செய்தார். பதில் போட்ட கையோடு சரியா தப்பா என்று காட்டிவிடும் பெட்டி!

அப்புறம், பிளாஸ்மா டி.வி.க்கும் ஆன்லைன் கோர்ஸுக்கும் என்ன சம்பந்தம் தெரியுமா? இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-இல் பாடம் நடத்துவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் அமைப்பு தொடங்கியது. பெயர் ‘பிளேட்டோ’. மாணவர்கள் பார்க்க நல்ல திரை வேண்டும் என்பதற்காக டொனால்ட் பிட்சரும் கூட்டாளிகளும் 1964-இல் உருவாக்கியதுதான் பிளாஸ்மா டிஸ்ப்ளே. அதே பிளேட்டோவில் 1973-இலேயே அரட்டை அறை இருந்தது, சந்தேகம் கேட்டுப் பதில் எழுதும் பொதுப் பலகை இருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் ‘சார், மூணாவது கணக்கு புரியல’ என்று இன்று போடுகிற மெசேஜுக்கு அரை நூற்றாண்டு வயது!

பச்சை டிக் என்ற மந்திரம்

2012 மார்ச்சில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன்னுடைய ‘சர்க்யூட்ஸ் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்’ பாடத்தை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. அதை முன்னின்று நடத்தியவர் அனந்த் அகர்வால். சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்தவர்! சேர்ந்தவர்கள் சுமார் 1,55,000 பேர். தேறியவர்கள் 7,157. நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. அந்த 7,157 பேரில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 340. அந்த 340-இல் ஒருவன் மங்கோலியாவின் உலான்பாத்தர் நகரத்துப் பையன் பட்டுஷிக். வயது 15! எம்.ஐ.டி.யில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் படிக்கும் பாடம் அது. பிறகு அந்த எம்.ஐ.டி.யிலேயே அவனுக்கு இடமும் கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ‘பிறவி மேதை’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தப் பையன் தன்னந்தனியாக அறைக்குள் உட்கார்ந்து வீடியோ பார்க்கவில்லை. அவன் பள்ளியின் முதல்வர் எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கிய முதல் மங்கோலியர். அவர் பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்து அந்தக் கோர்ஸைப் படிக்க வைத்தார். ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் கருவிகளோடு வந்து, திரையில் பார்த்த சர்க்யூட்டைக் கையால் கட்ட வைத்தார். பட்டுஷிக் அங்கே என்ன செய்தான் தெரியுமா? கார் ஷெட்டிலிருந்து கார் வெளியே வரும்போது சத்தம் கொடுக்கும் ஒரு சைரன். வெளியே விளையாடிக்கொண்டிருக்கும் தங்கை அடிபடக் கூடாதே என்பதற்காக! வீடியோ அமெரிக்காவிலிருந்து வந்தது, சாலிடரிங் வாசனை உள்ளூரில் இருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த முழு மதிப்பெண்.

அந்தக் கோர்ஸில் இன்னொரு சங்கதி. விடை சரியானால் பக்கத்தில் உடனே ஒரு பச்சை டிக் விழும். தப்பானால் மறுபடி முயலலாம். அந்தப் பச்சை டிக் மேல் மாணவர்கள் பைத்தியமாகிவிட்டார்கள் என்று அகர்வாலே மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஸ்கின்னரின் பெட்டிதான், வேஷம் மட்டும் புதிது.

6 நிமிடத்தோடு கதை முடிந்தது

ஒரு மணி நேர வீடியோவை எத்தனை நிமிடம் பார்க்கிறார்கள்? இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். ஃபிலிப் குவோ, ஜுஹோ கிம், ராப் ரூபின் என்ற மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அது. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தின் 4 கோர்ஸ்கள், 862 வீடியோக்கள், 69 லட்சம் முறை அவற்றை மாணவர்கள் பார்த்த பதிவுகள். கண்டது என்ன? வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுத்தர மாணவர் பார்ப்பது அதிகபட்சம் 6 நிமிடம்!

இதோடு நிற்கவில்லை. லட்சக்கணக்கில் செலவழித்து ஸ்டூடியோவில் எடுத்ததைவிட, வாத்தியார் தன் மேஜையில் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசியதை மாணவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள். பவர்பாயிண்டை நகர்த்திக்கொண்டே பேசியதைவிட, கையால் எழுதி எழுதி விளக்கியது மேலாக இருந்தது. நிதானமாக, அழுத்தம் திருத்தமாகப் பேச வேண்டும் என்றுதானே நினைப்போம்? வேகமாக, உற்சாகத்தோடு பேசியவர்களைத்தான் அதிகம் பார்த்தார்கள்! எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசியாக வருகிறது: வகுப்பறையில் எடுத்த ஒரு மணி நேர வீடியோவைப் பிறகு வெட்டித் துண்டு துண்டாகப் போட்டால், சின்னச் சின்னதாகவே திட்டமிட்டு எடுத்த வீடியோ அளவுக்கு அது எடுபடவில்லை. வெட்டுவது எடிட்டரின் வேலை, திட்டமிடுவது வாத்தியாரின் வேலை.

6 நிமிடம் என்பதை வேதமாகவும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பைப் உடைந்து தண்ணீர் கொட்டும்போது அதைச் சரிசெய்யும் வீடியோ 20 நிமிடம் ஓடினாலும் பார்த்துத்தான் ஆவோம். தேவை இருக்கிறவருக்கு நேரம் ஒரு பொருட்டல்ல. இன்னும் தேவை பிறக்காதவரிடம்தான் 6 நிமிடத்துக்குள் அதைப் பிறக்கவைக்க வேண்டும்.

2011-இல் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை ஆன்லைனில் திறந்தபோது 1,60,000 பேர் வந்து குவிந்தார்களே, அந்த இரு ஆசிரியர்களும் திரையில் காட்டியது என்ன தெரியுமா? ஒரு காகிதம், ஒரு பேனா, எழுதும் ஒரு கை. சில நிமிடங்கள் பேசுவார்கள், நிறுத்துவார்கள், ஒரு கேள்வி கேட்பார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம்! ஸ்டான்ஃபோர்டில் நேரில் வர வேண்டிய 200 மாணவர்களில் பெரும்பாலானோர் வகுப்புக்கு வருவதை விட்டுவிட்டு ஆன்லைனுக்குப் போய்விட்டார்கள்.

புரிந்தது போல இருக்கும், புரிந்திருக்காது!

இப்போது சொல்லப்போவதுதான் என்னை உலுக்கியது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்தார் ஒரு பகுதியை 4 முறை படித்தார்கள். இன்னொரு கூட்டத்தார் ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருப்பதை 3 முறை எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டால் 4 முறை படித்தவர்களே கெட்டிக்காரர்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால்? படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்! இதில் வேடிக்கை, ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் 4 முறை படித்தவர்கள்தான்.

2019-இல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலும் இதே கூத்து. பிரமாதமாகப் பேசும் பேராசிரியரின் வகுப்பில் சும்மா உட்கார்ந்து கேட்டவர்கள், நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். தாங்களே கணக்குப் போட்டுத் திண்டாடியவர்கள், அவ்வளவாகக் கற்கவில்லை என்று சலித்துக்கொண்டார்கள். டெஸ்ட் வைத்துப் பார்த்தால் திண்டாடியவர்களின் மதிப்பெண்தான் அதிகம்!

இங்கிலாந்துத் தபால் ஊழியர்கள் கதை இன்னும் பழசு. 1970-களில் அவர்களுக்கு டைப்ரைட்டர் விசைப்பலகைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு 1 மணி நேரம்தான், இன்னொரு குழுவுக்கு நாளுக்கு 4 மணி நேரம். மொத்த மணிக்கணக்கில் பார்த்தால் 1 மணி நேரக் குழுதான் சீக்கிரம் கற்றது. ஆனால் பயிற்சியில் திருப்தி இல்லை என்று முகம் சுளித்ததும் அதே குழுதான், ஏனென்றால் நாட்கணக்கில் அவர்களுக்கு நீண்டுகொண்டே போனது. ஆலன் பேட்லி 1978-இல் வெளியிட்ட இந்த ஆய்வை ‘ஒரே நாளில் எக்ஸெல் மாஸ்டர்’ என்று விளம்பரம் போடுகிறவர்கள் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஆகவே கோர்ஸ் முடிந்ததும் ‘சூப்பர் சார், நல்லா புரிஞ்சுது’ என்று வருகிற 5 ஸ்டாரை நம்பி கோர்ஸைத் திருத்தாதீர்கள். அந்த ஸ்டார் உங்கள் பேச்சுக்குக் கிடைத்தது, அவர்களின் கற்றலுக்கு அல்ல. ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு வழியும் சொன்னார்கள்: திண்டாட்டம்தான் கற்றல் என்பதைக் கோர்ஸின் தொடக்கத்திலேயே மாணவர்களுக்கு விளக்கிவிடுங்கள், சலிப்பு குறையும்.

நடுவில் கேள்வி கேட்டால் பார்க்கிறவருக்கு எரிச்சல் வராதா? 2013-இல் இதையும் சோதித்தார்கள். 21 நிமிடப் புள்ளியியல் வீடியோவை 4 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் சின்ன டெஸ்ட். மனம் எங்கோ அலைபாய்வது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, குறிப்பெடுப்பது எகிறியது! கல்யாணப் பந்தியில் எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே நேரத்தில் இலையில் கொட்டிவிட்டுப் போனால் யாரால் சாப்பிட முடியும்? ஒரு சுற்று பரிமாறி, இலையைப் பார்த்து, அடுத்த சுற்று வர வேண்டும்.

அழகுபடுத்தினால் மார்க் குறையும், தெரியுமா?

பாடத்தில் எதைச் சேர்த்தால் புரியும், எதைச் சேர்த்தால் குழம்பும்? கலிபோர்னியாவின் உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல்லாண்டுகளாக ஒரே வேலையாக இதைச் சோதித்து வருகிறார். மின்னல் எப்படி உண்டாகிறது என்று ஒரு பாடம். சுவையாக இருக்கட்டுமே என்று, மின்னல் தாக்கியவர்களின் கதைகளையும் படங்களையும் நடுநடுவே சேர்த்தார்கள். விளைவு? கதை நினைவில் நின்றது, மின்னல் உண்டாகும் விதம் மறந்துபோனது! ஸ்லைடில் எழுதியிருப்பதையே வரி பிசகாமல் வாய்விட்டுப் படிப்பதும் அப்படித்தான். கண்ணும் காதும் ஒரே சொற்களுக்காக மல்லுக்கட்டி, படத்தைக் கோட்டைவிடுகின்றன. (தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வீடியோ பார்க்கிறவருக்கும், காது கேளாதவருக்கும் இது பொருந்தாது. சப்டைட்டில் போடுங்கள், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும்.)

இன்னொன்று நம்பவே முடியாது. மூச்சு விடுவது எப்படி என்று சுமார் 100 சொற்களில் ஒரு குட்டி அனிமேஷன். ஒரு குழுவுக்கு ‘நுரையீரல்’ என்றார்கள், இன்னொரு குழுவுக்கு ‘உங்கள் நுரையீரல்’ என்றார்கள். மாற்றம் அவ்வளவே. ‘உங்கள்’ கேட்ட குழு புதிய கேள்விகளுக்கு மேலாகப் பதில் சொன்னது! ‘மாணவர்கள் கவனிக்க வேண்டியது யாதெனில்’ என்று ஆரம்பிக்கிற குரல்களுக்கு இந்த 2004 ஆய்வு சமர்ப்பணம்.

விஷயம் தெரிந்தவர் ஏன் சொல்லிக்கொடுக்கத் தடுமாறுகிறார்? ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990-இல் ஒரு விளையாட்டு நடத்தினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேஜையில் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் பாட்டைச் சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது எத்தனை? வெறும் 3! தட்டுகிறவர் மண்டைக்குள் முழு ஆர்கெஸ்ட்ரா ஓடுகிறது, எதிரே இருப்பவருக்குக் கேட்பது டொக் டொக்.

சரி, ஒரு பிளவுஸ் கோர்ஸ் போடுவோமா?

தையல் நன்றாகத் தெரிந்த ஓர் அக்கா ஆன்லைனில் பிளவுஸ் தைக்கச் சொல்லித்தரப் போகிறார் என்று வையுங்கள். வழக்கமாக எப்படித் தொடங்குவார்? மெஷினின் பாகங்கள், நூல் வகைகள், துணி வகைகள்... மூன்று வாரம் ஓடிவிடும். இன்னும் கத்தரிக்கோலைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

தலைகீழாகப் போடச் சொல்கிறார்கள் விக்கின்ஸ், மெக்டை என்ற இரு அமெரிக்கர்கள். 1998-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்கள். முடிவிலிருந்து தொடங்கு! கோர்ஸ் முடிந்ததும் மாணவி என்ன செய்ய வேண்டும்? ‘தையலைப் புரிந்துகொள்வார்’ என்று எழுதினால் அது முடிவே அல்ல. ‘தன் அளவு பிளவுஸை வைத்து அளவெடுத்து, வெட்டி, தோள் இறங்காமல் லைனிங் பிளவுஸ் ஒன்று தைத்துப் போட்டுக்கொள்வார்.’ இதுதான் முடிவு. இனி அங்கிருந்து பின்னோக்கி நடங்கள். தோள் இறங்காமல் இருக்க வேண்டுமானால் கழுத்து அகலம் தெரிய வேண்டும். அதற்கு அளவெடுக்கத் தெரிய வேண்டும். ஆக, முதல் பாடம் மெஷின் அல்ல. பீரோவிலிருந்து சரியாகப் பொருந்துகிற ஒரு பழைய பிளவுஸை எடுத்துத் தரையில் விரித்து, டேப் பிடிப்பது!

முதல் வீடியோ 5 நிமிடம். கேமரா அக்காவின் முகத்தை அல்ல, கையைப் பார்க்கட்டும். அசைன்மென்ட்: 5 அளவுகளை ஒரு தாளில் எழுதி, டேப் பிடித்த போட்டோவோடு அனுப்புங்கள். டேப்பைத் தளர்வாகப் பிடித்தால் போட்டோவிலேயே தெரிந்துவிடும். நாலாவது வாரத்தில் க்விஸ் எப்படி இருக்க வேண்டும்? ‘ஆர்ம்ஹோல் என்றால் என்ன?’ என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். தோள் நழுவி விழுகிற ஒரு பிளவுஸ் போட்டோவைப் போட்டு, ‘எங்கே தவறு?’ என்று கேளுங்கள். கை நீளம், கழுத்து அகலம், இடுப்புச் சுற்று என்று 3 பதில். தப்பாக அழுத்தியவருக்கு ‘தவறு’ என்று சிவப்பில் காட்டுவதால் என்ன லாபம்? கை நீளம் தப்பினால் பிளவுஸ் எப்படித் தெரியும் என்று இன்னொரு போட்டோ விரியட்டும். தப்பான பதிலும் ஒரு பாடமாகிவிடும். ஒவ்வொரு தப்புக்கும் தனிப் பதில் எழுதுவது சலிப்பான வேலை. கோர்ஸ் வடிவமைப்பில் பாதி அந்தச் சலிப்பான வேலைதான்.

சேர்ந்தவர்கள் எங்கே போனார்கள்?

எம்.ஐ.டி., ஹார்வர்டு இரண்டும் எட்எக்ஸில் நடத்திய கோர்ஸ்களை ஆராய்ந்து 2019-இல் ஒரு கணக்கு வெளியானது. பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் கோர்ஸுக்குள் காலடிகூட எடுத்து வைக்கவில்லை! 2017-18-இல் முடித்தவர்கள் 3.13 சதவீதம். ஜிம்மில் பணம் கட்டியதோடு சரி என்கிற ஜாதிதான் நாம் எல்லோரும்.

இதற்கு மருந்து? ‘எப்போது படிக்கப்போகிறாய் என்று முன்கூட்டியே எழுதிவை’ என்பது போன்ற உத்திகளை 250 கோர்ஸ்களில், சுமார் 2.5 லட்சம் பேரிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. முதல் சில வாரம் கொஞ்சம் பலன், பிறகு புஸ்ஸ். ஒரே ஒரு மாத்திரையில் தீர்கிற நோய் இல்லை இது.

கெடு தேதி மட்டும் வேலை செய்கிறது. எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால் எப்போதும் படிக்க மாட்டோம் என்பது நார்விக் நேரில் கண்டது. வாரக் கெடு வைத்ததால்தான் அவருடைய மாணவர்கள் ஓடினார்கள். ஆனால் கெடு மட்டும் வைத்தால் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தவர் அதோடு காணாமல் போய்விடுவார். இந்த இடத்தில் சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைத்து நடத்தும் என்.பி.டி.இ.எல். கோர்ஸ்களில் ஓர் ஏற்பாடு இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? 12 வார கோர்ஸில் வாரம் ஓர் அசைன்மென்ட், கெடு உண்டு. ஆனால் 12-இல் உங்களுடைய சிறந்த 8 மட்டுமே கணக்கு! அதற்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75. நாலு வாரம் சறுக்கினாலும் ஆள் வெளியே போக வேண்டியதில்லை.  என்னைக் கேட்டால், எந்த அனிமேஷனையும்விட இது மேலான வடிவமைப்பு.

இவ்வளவுக்கும் எவ்வளவு செலவாகும் என்று பயப்படுகிறீர்களா? கோர்செராவில் லட்சக்கணக்கானோர் படித்த ‘லேர்னிங் ஹவ் டு லேர்ன்’ கோர்ஸை 2014-இல் பார்பரா ஓக்லி எங்கே படம்பிடித்தார் தெரியுமா? தன் வீட்டின் நிலவறையில், சுமார் 5,000 டாலரில்! பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டைவிட்டு, பிறகு பொறியியல் பேராசிரியர் ஆனவர் அவர். தெரியாமல் விழிப்பது எப்படி இருக்கும் என்பது அவருக்கு மறக்கவில்லை. அது எந்த ஸ்டூடியோவிலும் வாடகைக்குக் கிடைக்காது.

கோர்ஸ் வாங்கப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரெய்லரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ‘100 மணி நேர வீடியோ, வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாம்’ என்பதில் மயங்காதீர்கள். முதல் வாரம் நான் என்ன செய்து அனுப்ப வேண்டும், அதை யார் திருத்தித் தருவார்கள், எத்தனை நாளில் தருவார்கள் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லையா? யூடியூபில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம், காசு மிச்சம்.